அப்பாவுக்குக் கொடுக்கும் மனச்சோர்வு மாத்திரை மூளை வரைக்கும் போகிறதா?

#1 செம்பருத்தி
வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிடாலோபிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் 5 மி.கி., அப்புறம் 10 மி.கி. இன்றோடு 13 நாள் ஆகிறது. ஒரு மாற்றமும் தெரியவில்லை. சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்.

நேற்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "மூளையைச் சுத்தி ஒரு தடுப்பு இருக்கு. ரத்தத்துல இருக்கிற மருந்து அதைத் தாண்டாது. முக்கால்வாசி வீணாத்தான் போகும்" என்று அப்பா காதுபடவே சொல்லிவிட்டார். இன்று காலை அப்பா மாத்திரையை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். நானும் தேடிப் பார்த்தேன். முதுகுத்தண்டு நீரில் இந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு என்று போட்டிருக்கிறது. அப்படியானால் உறவினர் சொன்னது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கருவேலங்காடு
தடுப்பு இருப்பது உண்மை. மருந்து அதைத் தாண்டுவதும் உண்மை. விளக்கம் அப்புறம் வரட்டும், முதலில் மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

#3 பெரியகுளத்து வாத்தியார்
மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1885-ல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பெல்லாம் நிறம் ஏறியது, மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுப்பாகவே இருந்தன. அந்தச் சாயம் மூளையில் ஒட்டாது போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை நேராகத் தண்டுவட நீரில், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில், செலுத்தினார். இம்முறை மூளை நீலமாகிவிட்டது, உடம்பில் நிறம் ஏறவில்லை. சாயம் ஒட்டாமல் இல்லை, ரத்தத்திலிருந்து வருவதற்கு வழிதான் இல்லை என்பது அப்போது புரிந்தது. 1967-ல் ரீஸ், கார்னோவ்ஸ்கி இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த அடைப்பையே கண்டார்கள். உடம்பின் மற்ற இடங்களில் நுண்குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே சிறு சந்துகள் இருக்கும். மூளையில் அந்தச் சந்துகளைத் தைத்து மூடியது போல இறுக்கமான இணைப்புகள் இருக்கின்றன.

செம்பருத்திம்மா, உங்கள் உறவினர் இதுவரைக்கும்தான் கேள்விப்பட்டிருக்கிறார். செல்களுக்கு நடுவே வழி இல்லை என்றாலும் செல்லின் ஊடாக ஒரு வழி இருக்கிறது. செல்லின் மேலுறை கொழுப்பாலானது. கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு அந்த உறைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். எஸ்சிடாலோபிராமின் மூலக்கூறு எடை 324 டால்டன். இதே வகை மனச்சோர்வு மருந்துகளான செர்ட்ராலின், ஃப்ளுவாக்செட்டின் இரண்டும் 300-ஐ ஒட்டியவை. எல்லாமே கொழுப்பில் நன்றாகக் கரைபவை. நரம்புகள் தங்களுக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரடோனின் என்ற பொருளின் மீதுதான் இந்த மருந்துகள் வேலை செய்கின்றன. அந்தச் செரடோனினை அப்படியே விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது. இந்த மருந்துகள் நுழையும். அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் இவற்றை மருந்தாகவே எடுத்திருக்க மாட்டார்கள்.

இவை காரத்தன்மை உள்ளவை என்பதையும் கவனிக்க வேண்டும். ரத்தத்தின் 7.4 அமில-கார அளவில் நூறு மூலக்கூறில் தொண்ணூற்றொன்பது மின்னேற்றத்தோடு இருக்கும். மின்னேற்றம் உள்ளது கொழுப்பு உறைக்குள் லேசில் புகாது. ஏற்றம் இல்லாத அந்த ஒன்றுதான் புகும். அது போன இடத்துக்கு அடுத்த நொடியே இன்னொன்று ஏற்றத்தை இறக்கிவிட்டு வந்துவிடும், அதனால் வரிசை நிற்பதில்லை. மாத்திரை விழுங்கி ஐந்து மணி நேரத்தில் எஸ்சிடாலோபிராம் ரத்தத்தில் உச்சம் தொடும். மூளைக்குள்ளும் சில மணி நேரத்தில் போய்விடுகிறது. 13 நாள் முன்பு போட்ட முதல் மாத்திரையே அப்பாவின் மூளைக்குப் போயிருக்கிறது.

#4 செம்பருத்தி
ரொம்ப நன்றி ஐயா. இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கோல்ட்மன் கதையைக் கேட்டு, "அப்போ அது தண்ணி வழியா உள்ள போயிருக்கு" என்றார். பத்து நாளில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய வாக்கியம் இதுதான். மாத்திரையும் போட்டுக்கொண்டார்.

ஆனால் முதுகுத்தண்டு நீரில் குறைவாக இருக்கிறது என்பது?

#5 மேட்டுத்தெரு
இதே சந்தேகம் எனக்கும். செர்ட்ராலின் ரத்தத்தில் 98 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மருந்துத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். புரதம் தடுப்பைத் தாண்டாது. மிச்சம் 2 சதவீதம்தான் உள்ளே போக முடியும். அப்படியானால் செம்பருத்தியின் உறவினர் சொன்ன "முக்கால்வாசி வீண்" என்பதுகூடக் குறைத்துச் சொன்னதுதானே? வாத்தியார் ஐயா இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

#6 பெரியகுளத்து வாத்தியார்
நல்ல கேள்வி. பலர் தடுக்கி விழும் இடம் இது.

ரத்தத்தில் மருந்து புரதத்தில் ஏறிச் சுற்றுகிறது. பேருந்தில் போகிற மாதிரி என்று வையுங்கள். ஊருக்குள் ஒரு குறுகிய சந்து, பேருந்து நுழையாது. இறங்கி நடப்பவர்கள்தான் உள்ளே போக முடியும். பேருந்தில் 98 பேர், தரையில் 2 பேர். அந்த இருவரும் சந்துக்குள் போனதும் பேருந்திலிருந்து இன்னும் சிலர் இறங்குவார்கள். மருந்து புரதத்தில் ஒட்டுவதும் விடுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துகொண்டே இருக்கிறது. ஒட்டியிருப்பது இருப்பு, வீண் இல்லை.

இனி தண்டுவட நீருக்கு வருவோம். ரத்தத் திரவத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் அல்புமின் என்ற புரதம் இருக்கும். தண்டுவட நீரில் எல்லாப் புரதமும் சேர்ந்தே 15 முதல் 45 மில்லிகிராம்தான். அங்கே ஏறி உட்காரப் பேருந்தே கிடையாது. ஆக, அங்கே அளந்தால் கிடைப்பது பெரும்பாலும் தரையில் நடக்கிற மருந்து மட்டும். ரத்தத்தில் சாதாரணமாக அளப்பது பேருந்தில் இருப்பவர்களையும் சேர்த்து. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தண்டுவட நீரில் குறைவாகத்தான் தெரியும். மருந்து நுழையவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. ரத்தத்தில் ஒட்டாமல் இருக்கும் பங்கோடு ஒப்பிட்டால்தான் நியாயம்.

மருந்துக்கு மருந்து இது மாறும். வென்லாஃபாக்சின் 27 சதவீதம்தான் புரதத்தில் ஒட்டும், அதனால் தண்டுவட நீரில் அதன் அளவு ரத்தத்தை நெருங்கி வரும். எஸ்சிடாலோபிராம் சுமார் 56 சதவீதம், அது நடுவில். ஃப்ளுவாக்செட்டின் 95-ஐ ஒட்டி, செர்ட்ராலின் 98. இவை இரண்டும் அங்கே மிகக் குறைவாகத் தெரியும். இதை வைத்து செர்ட்ராலின் மட்டம், வென்லாஃபாக்சின் உசத்தி என்று சொல்லவே முடியாது. செர்ட்ராலினுக்குக் கொஞ்சம் இருந்தால் போதும், செரடோனினைத் திரும்ப நரம்புக்குள் இழுக்கும் கடத்தியை அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ளும்.

#7 மேட்டுத்தெரு
ஒப்புக்கொள்கிறேன். இருப்பு என்ற சொல் எனக்கு விளங்க வைத்தது.

#8 மருந்துக்கடை முத்து
நான் மருந்தாளுநர். ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொழுப்பில் கரைவதெல்லாம் மூளைக்குள் தங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சுவரிலேயே வெளித்தள்ளும் பம்புகள் இருக்கின்றன. முக்கியமானது பி-கிளைக்கோபுரதம்.

வயிற்றுப்போக்குக்கு லோப்பரமைடு விற்கிறோமே, அது அபின் வகை மருந்துதான். வழக்கமான அளவில் போதை ஏறாததற்குக் காரணம், மூளை வாசலில் இந்தப் பம்பு அதைத் திருப்பி ரத்தத்துக்குள் தள்ளிவிடுவது. சளிக்கு அவில் போட்டால் தூங்கி வழிகிறோம், ஃபெக்சோஃபெனடின் போட்டால் அப்படி இல்லை. அதிலும் இந்தப் பம்புக்குப் பங்கு உண்டு.

கொரோனா காலத்தில் ஊரெல்லாம் பேசிய ஐவர்மெக்டினை வைத்துத்தான் இது பெரிதாகத் தெரியவந்தது. நெதர்லாந்தில் இந்தப் பம்புக்கான மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தார்கள். கூண்டில் உண்ணி வந்ததால் வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மரபணு நீக்கிய எலிகள் செத்துப்போயின. அவற்றின் மூளைக்குள் மருந்து குவிந்துவிட்டது. 1994-ல் ஷிங்கெல் குழு இதை வெளியிட்டது.

பிறகு அதே மாதிரி எலிகளில் மனச்சோர்வு மருந்துகளைச் சோதித்தார்கள். சிடாலோபிராம் (எஸ்சிடாலோபிராம் இதன் செயல்படும் பாதிதான்), பராக்செட்டின், வென்லாஃபாக்சின், அமிட்ரிப்டிலின் இவை பம்பில் மாட்டுகின்றன. பம்பு இல்லாத எலியின் மூளையில் இவை கூடுதலாகச் சேர்ந்தன. ஃப்ளுவாக்செட்டினும் மிர்ட்டாசபினும் பம்பைப் பொருட்படுத்தவில்லை. அதனால் அப்பாவின் மருந்து உள்ளே போகிறது, கொஞ்சம் திருப்பியும் தள்ளப்படுகிறது. மனிதருக்குக் கொடுக்கும் அளவு இதையெல்லாம் தாண்டிப் பயன் தருவதைப் பார்த்து முடிவு செய்யப்பட்டதுதான்.

#9 நிலாமுற்றம்
இந்தப் பம்பின் மரபணுவைச் சோதித்து யாருக்கு எந்த மாத்திரை என்று சொல்லிவிடலாம் என்று விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா?

#10 மருந்துக்கடை முத்து
2008-ல் மியூனிக்கில் ஒரு குழு அப்படி ஒரு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. அதன்பின் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எனக்குத் தெரிந்த யாரையும் அந்தச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

#11 வடலி
வணக்கம், நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், இப்போது சுவீடனில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை. தண்டுவட நீர் என்றதும் எழுத வேண்டும் போல இருந்தது, ஏனென்றால் மனச்சோர்வுக்கும் இந்த நீருக்கும் உள்ள தொடர்பில் இந்த நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

1976-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவ நிறுவனத்தில் மரியே ஆஸ்பெரி என்ற வைத்தியர் மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரில் செரடோனின் சிதைந்து வரும் பொருளை அளந்தார். அது குறைவாக இருந்தவர்களிடையே தற்கொலை முயற்சி கூடுதலாக இருந்ததைக் கண்டார். செரடோனினைக் குறிவைத்த முதல் குளிசைகளில் ஒன்றான சிமெலிடினும் இங்கிருந்து வந்ததுதான். அதன் பின்னால் இருந்தவர் சுவீடனின் மருந்தியல் அறிஞர் ஆர்விட் கார்ல்சன். நரம்பைத் தாக்கும் கீய்யான்-பாரே நோய் சிலருக்கு வந்ததால் 1983-ல் அதைத் திரும்ப எடுத்தார்கள்.

இதில் புதிதாக வேலைக்கு வருபவர்களைக் குழப்பும் ஒரு விசயம் உண்டு. இந்தக் குளிசைகளைக் குடித்த பிறகு தண்டுவட நீரில் அந்தச் சிதைவுப் பொருள் கூடுவதில்லை, குறைகிறது. செரடோனின் திரும்ப நரம்புக்குள் போவதைக் குளிசை மறிக்கிறது. அது சிதைவது நரம்புக்குள்ளேதான். போக்கு குறைந்தால் சிதைவும் குறையும். குளிசை மூளைக்குள் போய் வேலை செய்கிறது என்பதற்கு இந்தக் குறைவே ஒரு சாட்சி.

இன்னொன்று, இடுப்பில் ஊசி போட்டு எடுக்கும் நீரில் முதல் மில்லிலிட்டரும் பத்தாவது மில்லிலிட்டரும் ஒன்றல்ல. மேலே இருந்து நீர் இறங்க இறங்கச் சில பொருட்களின் அளவு மாறும். எத்தனையாவது மில்லிலிட்டர் என்று எழுதாமல் வரும் குப்பியை வைத்து நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

#12 பெரியகுளத்து வாத்தியார்
வடலி சொன்ன கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். தண்டுவட நீரும் மூளையும் ஒன்றல்ல. அந்த நீர் பெரியவர்களுக்குச் சுமார் 150 மி.லி. இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் புதிதாக ஊறுகிறது, பழையது ரத்தத்துக்கே வடிகிறது. பெரும்பகுதி ஊறும் இடம் மூளை அறைகளில் இருக்கும் கோராய்டு பின்னல். இந்தப் பின்னலின் நுண்குழாய்களில் சந்து உண்டு, அடைப்பு அதைப் போர்த்திய செல்வரிசையில்தான். ரத்தத்தில் ஏற்றிய சாயம் பின்னல் வரை ஏறி நீரில் கலக்காமல் நின்றது அதனால்தான். ஆக, மருந்து அந்த நீருக்குள் வர இரண்டு வழி: பின்னல் வழியாக நேரே, அல்லது மூளைத் திசுவுக்குள் போய் அங்கிருந்து கசிந்து. முத்து சொன்ன பம்பில் மாட்டும் மருந்துகளுக்கு நீரில் தெரியும் அளவு, மூளைத் திசுவில் ஒட்டாமல் இருக்கும் அளவைவிடக் கூடுதலாகவே தோன்றலாம்.

மூளையையே அளக்க முடியுமா என்றால், ஃப்ளுவாக்செட்டினில் முடிந்தது. அந்த மூலக்கூறில் மூன்று ஃப்ளோரின் அணுக்கள் இருக்கின்றன. நம் மூளையில் இயல்பாக ஃப்ளோரின் சமிக்ஞை கிடையாது. காந்த அதிர்வுக் கருவியை ஃப்ளோரினுக்கு இசைத்துவைத்து, மருந்து எடுப்பவர்களின் தலையை அளந்தார்கள். மூளைத் திசுவில் ரத்தத்தைவிடப் பத்து மடங்கு அளவில் மருந்து இருந்தது. இருபது மடங்கு காட்டிய அளவீடும் உண்டு. தண்டுவட நீரில் கொஞ்சம், மூளையில் குவியல். மூளை கொழுப்பு நிறைந்தது, செல்லுக்குள் இருக்கும் அமிலப் பைகளும் கார மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாடம் எடுத்த வருடங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, உயிரோடு இருப்பவரின் தலைக்குள் மருந்தை அப்படியே பார்த்துவிட்டார்கள்.

#13 மேட்டுத்தெரு
எல்லாம் சரி ஐயா. முதல் நாளே உள்ளே போய்விட்டது என்றால் ஏன் செம்பருத்தியின் அப்பாவுக்கு இரண்டு வாரமாகியும் குணம் தெரியவில்லை? 2022-ல் ஒரு பெரிய மீளாய்வு, மனச்சோர்வு செரடோனின் குறைவால் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னதே.

#14 மருத்துவர் தாமரை
மனநல மருத்துவராக இருக்கிறேன், இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

அந்த மீளாய்வு கேட்டது நோயின் காரணம் பற்றி. மருந்து உதவுகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கான சோதனைகளும் தனி. மாத்திரை போட்டுத் தலைவலி நின்றால், உடம்பில் அந்த மாத்திரை குறைந்ததால் தலைவலி வந்தது என்று ஆகாது.

தாமதத்தைப் பற்றி: 2004-ல் டொராண்டோவில் மேயர் குழு ஐந்து மருந்துகளை வைத்து மூளையைப் படம் பிடித்தது. வழக்கமான குறைந்தபட்ச அளவிலேயே செரடோனின் கடத்திகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மருந்து பிடித்திருந்தது. பூட்டு சீக்கிரமே விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மூளை தன்னை மாற்றிக்கொள்ள நாள் எடுக்கிறது. தொடக்கத்தில் செரடோனின் நரம்புகள், "வெளியே போதுமான அளவு இருக்கிறது" என்று உணர்ந்து தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த உணரி மழுங்கி அவை பழைய வேகத்துக்கு வரச் சில வாரம் ஆகலாம். நரம்பு இணைப்புகள் புதிதாகத் துளிர்ப்பதற்கும் நாள் பிடிக்கும். சிலருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே சிறு முன்னேற்றம் தெரியும், பலருக்கு நான்கு முதல் ஆறு வாரம்.

செம்பருத்தி, ஒன்று கேட்கட்டுமா? அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை? அசதி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஏதாவது இந்த இரண்டு வாரத்தில் புதிதாக வந்ததா?

#15 செம்பருத்தி
டாக்டர், ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை போடுகிறார். நான்கு நாளாக ரொம்ப அசதி. முந்தாநாள் என்ன கிழமை என்று இரண்டு தடவை கேட்டார். சாப்பிடாததால் என்று நினைத்தேன்.

#16 மருத்துவர் தாமரை
நாளைக்கே அவருடைய மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்து சோடியத்தைக் குறைக்கலாம், தயசைடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். பெரும்பாலும் முதல் சில வாரத்தில் வரும். குழப்பம் அதிகமானாலோ வலிப்பு வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். உயிரை வெறுத்து ஏதாவது பேசினால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

#17 புங்கமரத்தடி
அக்கா, பரிசோதனைக்குப் போகும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

நான் நான்கு வருடமாக வென்லாஃபாக்சின் எடுக்கிறேன். ஒரு தடவை ஊருக்குப் போனபோது மாத்திரை அட்டையை மறந்துவிட்டேன். அடுத்த நாள் மாலையிலேயே தலைக்குள் மின்சாரம் பளிச் பளிச்சென்று பாய்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நிற்க முடியவில்லை. உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுபவர்களுக்கு, வெளியே வரும்போது எப்படி இருக்கும் என்று நான் சொல்வேன். வாத்தியார் ஐயா, இது ஏன் ஃப்ளுவாக்செட்டின் எடுக்கும் என் தோழிக்கு வரவில்லை?

#18 பெரியகுளத்து வாத்தியார்
தடுப்பு இரு பக்கமும் திறந்ததுதான் தம்பி. ரத்தத்தில் அளவு இறங்கினால் மூளையிலிருந்து மருந்து திரும்பி வரும். வென்லாஃபாக்சின் ரத்தத்தில் பாதியாகச் சுமார் 5 மணி நேரம், அதிலிருந்து உண்டாகும் செயல்படு பொருளுக்கு 11 மணி நேரம். ஃப்ளுவாக்செட்டின் தொடர்ந்து எடுப்பவருக்கு 4 முதல் 6 நாள், அதன் செயல்படு பொருள் அதற்கும் மேலே, இரண்டு வாரம் வரைகூடப் போகும். உங்கள் தோழிக்குத் தானாகவே படிப்படியாக இறங்குகிறது. நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது இதற்காகத்தான்.

#19 நிலாமுற்றம்
கடைசியாக ஒரு சந்தேகம். மருந்து போதுமான அளவு போகிறதா என்று அறிய முதுகில் நீர் எடுத்துப் பார்க்கச் சொல்வார்களா? அம்மாவுக்கு முதுகில் ஊசி என்றாலே நடுக்கம்.

#20 வடலி
சொல்ல மாட்டார்கள், பயப்பட வேண்டாம். அது ஆய்வுக்கோ வேறு நோயைக் கண்டுபிடிக்கவோதான். தேவைப்பட்டால் கையிலிருந்து ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பார்கள், காலைக் குளிசைக்கு முன்பு எடுப்பது வழக்கம். அதுவும் எல்லாருக்கும் தேவைப்படாது.

#21 செம்பருத்தி
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். மறுநாள் பார்த்ததில் சோடியம் 127. மூன்று நாள் சேர்த்துக்கொண்டார்கள். ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிவிட்டார்கள். எஸ்சிடாலோபிராமுக்குப் பதிலாக மிர்ட்டாசபின் 7.5 மி.கி., இரவில். இதில் சோடியம் குறைவது அரிதாம். போன வெள்ளிக்கிழமை சோடியம் 135. கிழமை கேட்பது நின்றுவிட்டது. நேற்று விடியற்காலை நான் எழுந்தபோது திண்ணையில் ஆள் இல்லை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், ஐந்தே முக்கால் வரைக்கும்.

முத்து அண்ணா, மிர்ட்டாசபின் அந்தப் பம்பில் மாட்டாது என்று எழுதியிருந்தீர்களே, அதை அப்பாவிடம் சொன்னேன். வாத்தியார் ஐயாவிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: கோல்ட்மன் எந்த மிருகத்துக்குச் சாயம் ஏற்றினார்?

#22 பெரியகுளத்து வாத்தியார்
முயல், நாய் இரண்டிலும் செய்தார் என்று சொல்லுங்கள். சாயத்தின் பெயர் டிரைபன் நீலம்.